எங்கள் தெருக் குழாய்க்கும் ஒரு வரைபடம் வேண்டும்

போன கோடையில் எங்கள் காலனிக்கு ஒன்பது நாள் தண்ணீர் வரவில்லை. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. மோட்டார் ஓடியது. மேல்நிலைத் தொட்டி நிறைந்தது. ஊர்த்தெருவில் குழாய்கள் வழக்கம்போலக் கொட்டின. காலனிக்கு மட்டும் வரவில்லை.

சாலையோரம் இணையக் கேபிள் புதைக்க ஜேசிபி வைத்துப் பள்ளம் எடுத்தார்கள். அப்போது எங்கோ ஓரிடத்தில் எங்கள் குழாய் அறுந்துவிட்டது. எங்கே என்று தெரியவில்லை. கேபிளைப் போட்டுப் பள்ளத்தையும் மூடிவிட்டார்கள்.

போய்க் கேட்டோம். வண்டி ஓட்டிய தம்பி, "இங்க பைப்பு போவுதுன்னு யாரும் சொல்லலியேக்கா" என்றார். வேலையை எடுத்தவர், "எங்களுக்குக் குடுத்த பிளான்ல தண்ணி லைனே காட்டல" என்றார். ஊராட்சி அலுவலகத்தில், "அது பழைய லைனும்மா. எப்படிப் போவுதுன்னு ரெக்கார்டு ஒண்ணும் இல்ல" என்றார்கள். மூன்று பேரைக் கேட்டோம், மூன்று பேரும் தெரியாது என்றார்கள். ஒருவரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. யாரும் திட்டமிடாமலே, யாரும் பொய் சொல்லாமலே ஒரு தெருவுக்கே தண்ணீர் நின்றுபோகும் என்றால், யார் மீது மனுக் கொடுப்பது?

அந்த ஒன்பது நாளும் பெண்கள் குடத்தோடு வயல்காட்டுப் பம்ப்செட்டுக்கு நடந்தார்கள். பம்ப்செட்டுக்காரர் எப்போது மோட்டார் போடுகிறாரோ அப்போது போக வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். எங்கள் பாட்டிமார் எந்த நிலையில் நின்று தண்ணீர் கேட்டார்களோ, அதே இடத்தில் பேத்திகள் போய் நின்றார்கள். பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம் அது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் குடம் தூக்கி வைத்துவிட்டுத்தான் தேர்வுக்குப் போனார்கள்.

அறுந்த இடத்தைக் கண்டுபிடித்தவர் ஆடு மேய்க்கும் ஓர் ஆயா. காய்ந்து கிடக்க வேண்டிய வாய்க்காலில் தெளிந்த தண்ணீர் ஓடுவதைப் பார்த்து வந்து சொன்னார். சிறுபாலத்துக்குப் பக்கத்தில் அறுந்திருந்த குழாயிலிருந்து தண்ணீர் நேராக வாய்க்காலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதனால் மேல் மண்ணில் ஈரமே தெரியவில்லை. அதற்கு முன்னால் நாங்கள் ஐந்து இடங்களில் வெட்டிப் பார்த்துத் தோற்றிருந்தோம். இடம் தெரிந்தபின் வேலை அரை மணி நேரம்தான். ஒரு முழத்துண்டு பிவிசி குழாய், இரண்டு இணைப்பு, கொஞ்சம் பசை. அரை மணி நேர வேலைக்கு ஒன்பது நாள் காத்திருந்தோம்.

பெரியப்பா தலையில் இருந்த வரைபடம்

எங்கள் ஊரில் இந்தக் குழாய் எப்படிப் போகிறது என்று முழுதாகத் தெரிந்த மனிதர் ஒருவர் இருந்தார். எனக்குப் பெரியப்பா முறை. தொட்டியிலிருந்து தண்ணீர் திறந்துவிடும் வேலையை முப்பது வருடத்துக்கு மேல் பார்த்தவர். குழாய் பதித்த நாளில் பள்ளம் வெட்டிய கூலிகளில் அவரும் ஒருவர். "கோயில் மூலையில லைன் வளையுது, புளியமரத்துல இருந்து நாலு எட்டு, அங்க ஒரு ஜாயின்ட்டு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எங்கே கசிந்தாலும் அவர் காலால் தட்டிக் காட்டும் இடத்தில்தான் கடப்பாரை விழும். அவர் இறந்து மூன்று வருடமாகிறது. புளியமரமும் சாலை அகலப்படுத்தியபோது போய்விட்டது.

நம் ஊர்களில் மண்ணுக்கு மேலே இருப்பதற்கெல்லாம் காகிதம் உண்டு. பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம் என்று ஒவ்வொரு சென்ட் நிலமும் எண் போட்டுக் கணக்கில் இருக்கிறது. மண்ணுக்குக் கீழே ஓடும் குடிநீர்க் குழாய்க்குப் பல ஊர்களில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. ஆபரேட்டரின் நினைவுதான் ஆவணம்.

நினைவை நம்பி ஏமாந்த வரலாறு நமக்குப் புதிதல்ல. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. அதையே இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போனதை மீட்கப் போராடுகிறவர்கள் முதலில் தேடுவது பழைய பதிவேட்டைத்தான். "அது எங்க தாத்தா உழுத நிலம்" என்ற பேச்சுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் மதிப்பில்லை. பதிவேட்டில் ஒரு வரி இருந்தால் மதிப்பு உண்டு. தண்ணீருக்கும் இதுவே பொருந்தும். காகிதத்தில் இல்லாத குழாயை யார் வேண்டுமானாலும் வெட்டலாம். வெட்டியபின் தெரியாது என்று சொல்லலாம்.

ஜிபிஎஸ் எதைச் செய்யும், எதைச் செய்யாது

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் எங்கள் தெருக் கல்லூரிப் பிள்ளைகள், "அக்கா, செல்போன்லயே ஜிபிஎஸ் இருக்கே, நாமே ஒரு மேப் போட்டா என்ன?" என்று கேட்டார்கள். நான் தமிழ் படித்தவள். எனக்கும் அவர்களோடு சேர்ந்து இதைப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. படித்ததில் தேவையானதைச் சொல்கிறேன்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு கோள்களிலிருந்து வரும் சமிக்ஞையைக் கேட்டு, அவை வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து, நாம் நிற்கும் இடத்தைக் கைபேசி கணக்கிடுகிறது. விடை அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்களாக வரும். அந்த எண்ணில் புள்ளிக்குப் பிறகு ஐந்தாவது இலக்கம் தரையில் ஏறக்குறைய ஒரு மீட்டரைக் குறிக்கும்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. ஜிபிஎஸ் மண்ணுக்குள் இருக்கும் குழாயைக் கண்டுபிடிக்காது. அதன் சமிக்ஞை மிகவும் பலவீனமானது, மண்ணுக்குள் இறங்காது. நாம் எங்கே நிற்கிறோம் என்பதை மட்டுமே அது சொல்லும். நம் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை வேறு வழியில் கண்டுபிடித்து, அந்த இடத்தைக் குறித்துவைக்கத்தான் ஜிபிஎஸ்.

கண்டுபிடிக்கும் கருவிகள் வேறு. இரும்புக் குழாய், மின்கம்பி போன்ற உலோகங்களை மின்காந்தக் கருவியால் மேலிருந்தே தேடலாம். பிவிசி குழாய் அந்தக் கருவிக்குத் தெரியாது. அதனால் பிளாஸ்டிக் குழாய் பதிக்கும்போதே கூடவே ஒரு செம்புக் கம்பியையும் புதைக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. பின்னாளில் அந்தக் கம்பியைத் தேடினால் குழாய் கிடைத்துவிடும். தரையை ஊடுருவும் ரேடார் பிளாஸ்டிக்கையும் காட்டும், ஆனால் ஈரமான களிமண்ணில் தடுமாறும். எல்லாவற்றையும்விட நம்பகமானது கையால் மெதுவாக ஒரு சோதனைக் குழி தோண்டிக் கண்ணால் பார்ப்பதுதான்.

இன்னொரு சிக்கல் பிழை. திறந்த வெளியில் சாதாரணக் கைபேசி மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை தவறு செய்யும். சுவர் ஓரத்திலும் மரத்தடியிலும் இன்னும் கூடும். நம் காலனித் தெருவின் அகலமே மூன்று நான்கு மீட்டர்தான். நில அளவைத் துறையும் பெரிய நிறுவனங்களும் பயன்படுத்தும் கருவிகள், இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு நிலையத்தின் உதவியோடு பிழையைத் திருத்திச் சில சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்துவிடும். நம் கையில் அது இல்லை. ஆனால் ஒரு நீளமான டேப்பு இருக்கிறது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

ஏழு பிள்ளைகள், மூன்று கைபேசி, ஒரு முப்பது மீட்டர் டேப்பு, ஒரு நோட்டு. இவ்வளவுதான் எங்கள் கருவி. கண்ணுக்குத் தெரியும் இடங்களிலிருந்து தொடங்கினோம். தொட்டி, வால்வுகள், தெருக்குழாய்கள், வீட்டு இணைப்புகள். அடுத்து, எப்போதாவது உடைந்து ஒட்டுப்போட்ட இடங்கள். அவற்றைச் சொன்னவர்கள் பெரும்பாலும் பெண்கள். "என் பெரியவன் பொறந்த வருசம் இங்கதான் ஒடஞ்சுது" என்று அவரவர் வாழ்க்கைக் கணக்கில் இடத்தைக் காட்டினார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் நின்று எண்களைக் குறித்தோம்.

முதல் ஞாயிறு மாலை எல்லாவற்றையும் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்த்தபோது சிரிப்பாக இருந்தது. ஒரு தெருக்குழாய் குளத்துக்குள் இருந்தது. பிரதானக் குழாய் மாரியம்மன் கோயிலுக்குள் புகுந்து வெளியே வந்தது. நான் சொன்ன மூன்று மீட்டர் பிழையின் வேலை அது.

அடுத்த ஞாயிறு முறையை மாற்றினோம். ஒவ்வொரு புள்ளிக்கும் அருகில் நகராத இரண்டு அடையாளங்களைத் தேர்ந்தெடுத்தோம். பள்ளிக்கூடச் சுவர் மூலை, மின்கம்பத்தின் எண், சிறுபாலத்தின் கைப்பிடிச்சுவர் இப்படி. இரண்டிலிருந்தும் டேப்பால் அளந்து, "பள்ளி வடகிழக்கு மூலையிலிருந்து 4.2 மீட்டர், கம்பத்திலிருந்து 6.8 மீட்டர், ஆழம் ஒன்றரை அடி" என்று எழுதினோம். ஜிபிஎஸ் எண் எந்தத் தெரு, எந்தப் பகுதி என்று காட்டும். டேப்பு அளவு எங்கே கடப்பாரை விழ வேண்டும் என்று காட்டும். புளியமரத்தைப் போல வெட்டப்படக்கூடிய எதையும் அடையாளமாக வைக்கவில்லை. பெரியப்பாவின் கணக்கிலிருந்து நாங்கள் கற்ற பாடம் அது.

ஊர்த்தெருவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் குழாய் அந்தத் தெரு வழியாகத்தான் வருகிறது. முதல் வால்வு அங்கே ஒரு வீட்டுத் திண்ணையை ஒட்டி இருக்கிறது. முதல் வாரம் பிள்ளைகள் அங்கே கைபேசியோடு நின்றதும், "யாரக் கேட்டு இங்க வந்து போட்டோ எடுக்குறீங்க?" என்று கேள்வி வந்தது. திரும்பி வந்துவிட்டார்கள். மறுவாரம் ஊராட்சி செயலரை அழைத்துக்கொண்டு போனோம். அவர் நின்றதால் அளக்க முடிந்தது. ஆனால் அந்தத் தெருவில் ஒரு சோதனைக் குழி எடுக்கச் சம்மதம் கிடைக்கவில்லை. அதனால் எங்கள் வரைபடத்தில் சுமார் அறுபது மீட்டர் நீளம் புள்ளிக்கோடாகவே இருக்கிறது. உறுதியானதற்கு நேர்க்கோடு, ஊகத்துக்குப் புள்ளிக்கோடு. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே கோட்டில் வரைந்தால், நம் வரைபடமே இன்னொருவருடைய குழாயை வெட்டவைக்கும்.

வரைந்து முடித்தபின் நாங்கள் தேடாத ஒன்றும் கிடைத்தது. காலனிக்கென்று போட்ட லைனில், காலனி வால்வுக்கு முன்னாலேயே பதினொரு வீட்டு இணைப்புகள் இருந்தன. கடைசி வீட்டில் குடம் நிறைய ஏன் அவ்வளவு நேரமாகிறது என்பதற்கு விடை அதில் இருந்தது. "நம்ம தண்ணிய வழியிலயே எடுத்துக்குறாங்க" என்று எங்கள் பெண்கள் காலங்காலமாகச் சொல்லிவந்ததுதான். அவர்கள் சொன்னபோது அது புலம்பலாகப் பார்க்கப்பட்டது. பதினொரு புள்ளியாக வைத்தபோது செயலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்தார்.

ஓஹியோவில் ஒரு வரைபடம் சொன்ன சாட்சி

குழாய் வரைபடம் ஒரு சமூகத்தின் வழக்கையே வென்றுகொடுத்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் சேன்ஸ்வில் என்ற நகரம். அதன் புறத்தே கோல் ரன் என்ற குடியிருப்பு. அங்கே பெரும்பாலும் கறுப்பின மக்கள். சுற்றுவட்டார வெள்ளையர் வீடுகளுக்குப் பொதுக் குடிநீர் குழாயில் வந்தது. கோல் ரன் மக்களுக்கு ஐம்பது ஆண்டுகளாக வரவில்லை. பழைய நிலக்கரிச் சுரங்கங்களால் அவர்கள் கிணற்று நீர் கெட்டிருந்தது. மழைநீரைப் பிடித்தார்கள், வண்டியில் தொட்டி வைத்துத் தண்ணீர் இழுத்தார்கள்.

கேட்டபோதெல்லாம் நிர்வாகம் ஏதேதோ காரணம் சொன்னது. 2003-இல் வழக்குப் போட்டார்கள். வழக்கில் முக்கிய இடம் பெற்றது ஒரு வரைபடம். வட கரோலினாவைச் சேர்ந்த சீடர் குரோவ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், கணினி வரைபடத்தில் குடிநீர்க் குழாய்களை ஓர் அடுக்காகவும், வீடுகளை இன்னோர் அடுக்காகவும், அந்த வீடுகளில் வாழ்பவர் எந்த இனம் என்பதை மற்றோர் அடுக்காகவும் வைத்தார்கள். குழாய் எந்த வீடுகளுக்குப் போகிறது, எங்கே வந்து நின்றுவிடுகிறது என்பதை நடுவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

2008 ஜூலையில் தீர்ப்பு வந்தது. இனப் பாகுபாட்டால் தண்ணீர் மறுக்கப்பட்டது என்று நடுவர்கள் சொன்னார்கள். 67 பேருக்கு ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீடு வழங்க வேண்டும் என்றார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2004-இல், கோல் ரன்னுக்குக் குழாய் வந்துவிட்டது.

இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், அந்த மக்கள் படும் பாடு அதற்கு முன்பும் எல்லாருக்கும் தெரியும். வாயால் சொன்னார்கள், மனுவாகக் கொடுத்தார்கள். குழாய் எங்கே நிற்கிறது என்று வரைந்து காட்டியபின், தற்செயல் என்று சொல்லி மழுப்ப இடம் குறைந்துவிட்டது. மண்ணுக்குள் புதைத்த பாகுபாட்டை வரைபடம் மேலே கொண்டுவந்தது.

பள்ளத்தில் நிற்பவர் யார்?

புதைந்திருக்கும் குழாயையும் கம்பியையும் குறித்துவைப்பது தண்ணீருக்கு மட்டுமான பேச்சன்று. இயந்திரம் போக முடியாத சந்தில் கடப்பாரையோடு இறங்குகிறவர்கள் யார் என்று பாருங்கள். ஒப்பந்தக் கூலிகள். அவர்களில் கணிசமானோர் நம் பிள்ளைகள். பூமிக்கடியில் மின்கேபிள் போகும் இடம் தெரியாமல் கடப்பாரை போட்டால், வெட்டுப்படுவது கேபிள் மட்டுமில்லை.

கழிவுநீர்க் குழாயும் அப்படியே. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள்ளும் மலக்குழிக்குள்ளும் ஆளை இறக்குவதைக் குற்றம் என்கிறது. குழியில் இறங்கி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆள்நுழை குழிகள் எங்கே, எவ்வளவு ஆழம், எந்தக் குழாய் எதனோடு சேர்கிறது என்ற வரைபடம் இருந்தால், அடைப்பை இயந்திரம் வைத்து எடுக்க எந்தக் குழியைத் திறக்க வேண்டும் என்று மேலேயிருந்தே தெரியும். வரைபடம் இல்லாத இடத்தில், "எங்க அடைச்சிருக்குன்னு எறங்கிப் பாரு" என்று ஒரு மனிதனிடம் சொல்வார்கள். அந்த மனிதன் யாராக இருப்பான் என்று இந்தப் பகுதியைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

செயலி இருக்கிறது, நம் குழாய் அதில் இருக்கிறதா?

அமெரிக்காவில் தோண்டுவதற்கு முன் 811 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். 2007 முதல் நாடு முழுவதற்கும் இந்த ஒரே எண். அழைத்தால், அந்தந்த நிறுவனத்தார் வந்து தங்கள் குழாயும் கம்பியும் போகும் வழியைத் தரையில் வண்ணம் பூசிக் காட்டுவார்கள். மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு, கழிவுநீருக்குப் பச்சை. குடிநீருக்கு நீலம். எங்கள் பிள்ளைகள் இதைக் கேட்டதும், "நம்ம கலர்தான்" என்று வால்வு மூடிகளுக்கு நீலம் அடித்துவிட்டார்கள்.

நம் நாட்டிலும் 2023 மார்ச் 22 அன்று 'கால் பிஃபோர் யு டிக்' என்ற செயலியைப் பிரதமர் தொடங்கிவைத்தார். தோண்டப்போகிறவர் இடத்தையும் நாளையும் செயலியில் பதிவு செய்ய வேண்டும். அந்த இடத்தில் யாருடைய கம்பியும் குழாயும் புதைந்திருக்கிறதோ, அவர்களுக்குக் குறுஞ்செய்தி போகும். அவர்கள் வந்து வழிகாட்டுவார்கள். முன்னறிவிப்பின்றித் தோண்டிக் கம்பிகளை அறுப்பதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று அரசே அப்போது சொன்னது.

நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த இழப்புக் கணக்கில் பம்ப்செட்டுக்கு நடந்த பெண்களின் ஒன்பது நாள் இல்லை. தன் கேபிள் எங்கே போகிறது என்று ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். அதன் இடம் செயலியில் இருக்கும். ஓர் ஊராட்சியின் பழைய பிவிசி குழாய் எந்த வரைபடத்திலும் இல்லை என்றால், செயலி யாருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும்? நிறுவனத்தின் கேபிளைக் காக்கும் அதே தொழில்நுட்பம் காலனியின் குழாயைக் காக்க வேண்டுமானால், குழாய் முதலில் வரைபடத்தில் ஏற வேண்டும்.

இப்போது அதற்கு நல்ல நேரம். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில், ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்ற கணக்கில் ஒவ்வோர் ஊரக வீட்டுக்கும் குழாய் இணைப்பு என்பது இலக்கு. திட்டம் 2028 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் தெருவில் புதிய குழாய் பதிக்கிறார்கள் என்றால், பள்ளம் மூடுவதற்கு முன் போய் நில்லுங்கள். குழாய் கண்ணுக்குத் தெரியும் நேரம் அது ஒன்றுதான். படம் எடுங்கள், ஆழத்தை அளங்கள், இரண்டு அடையாளங்களிலிருந்து தூரத்தைக் குறியுங்கள். பின்னால் ரேடார் வைத்துத் தேட வேண்டியதை அன்றைக்கு ஒரு டேப்பு செய்து முடிக்கும்.

வரைந்ததைக் கைபேசிக்குள் வைத்துக்கொண்டால் பயனில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஊராட்சியின் குடிநீர்க் குழாய் வரைபடத்தை அங்கே வைத்து, "இது ஊராட்சியின் ஆவணம், தோண்ட வருபவர் எவரும் இதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே தோண்ட வேண்டும்" என்று தீர்மானம் நிறைவேற்றச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியது யாருடைய தலையோடும் சாகாது.

"வெட்டறவனுக்கும் தெரிஞ்சிடுமே?"

எங்கள் தெருக் கூட்டத்தில் ஒரு மாமா எழுந்து இப்படிக் கேட்டார். "நம்ம பைப்பு எங்க போவுதுன்னு படம் போட்டு ஆபீஸ்ல மாட்டிட்டா, வேணும்னே வெட்டறவனுக்கும் வழி காட்டுன மாதிரி ஆயிடாதா?" அந்தப் பயத்தைத் தள்ளிவிட முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்ததை நாம் மறக்கவில்லை.

அவருக்குப் பதில் சொன்னவர் பெரியப்பாவின் மகள். "வேணும்னு வெட்ட நெனைக்கிறவனுக்கு எங்க வெட்டணும்னு இப்பவே தெரியும் மாமா. அவன் தெருவுலதான வால்வு இருக்குது. தெரியாதது நமக்குத்தான்."

எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. நாம் பயன்படுத்தும் நீரை அசுத்தப்படுத்துவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் எந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தாலும், எங்கே, என்ன நடந்தது என்று முதலில் காட்ட வேண்டும். வரைபடம் இருக்கும் ஊரில் குழாய் வெட்டுப்பட்டால், தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. கவனக்குறைவா, வேண்டுமென்றா என்ற கேள்வி மட்டுமே மிஞ்சும். இரண்டுக்கும் ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும்.

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரின் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளினார். அன்றைக்குத் தண்ணீர் எல்லார் கண்ணுக்கும் முன்னால் இருந்தது, தடுத்தவர்களும் முன்னால் நின்றார்கள். இன்றைக்குத் தண்ணீர் மண்ணுக்குள் ஓடுகிறது. யார் தடுக்கிறார், எங்கே குறைகிறது என்பது தெரியாமலே தலைமுறைகள் போய்விடுகின்றன. நம் பிள்ளைகள் கையிலிருக்கும் கைபேசிக்கு அதைக் காட்டும் வசதி உண்டு. படம் பார்க்கும் நேரத்தில் இரண்டு ஞாயிறு எடுத்துக் கொடுத்தால் போதும்.

எங்கள் வரைபடம் இப்போது ஊராட்சி அலுவலகச் சுவரில் இருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமும் ஆயிற்று. அந்தப் பதினொரு இணைப்புகளுக்குத் தனி வால்வு வைப்பது இன்னும் பேச்சு அளவில்தான் இருக்கிறது. ஊர்த்தெருவின் அறுபது மீட்டர் இன்னும் புள்ளிக்கோடுதான். அங்கே அடுத்த முறை கசிவுக்குப் பள்ளம் எடுக்கும்போது தகவல் சொல்வதாகச் செயலர் ஒப்புக்கொண்டிருக்கிறார். சொன்னால் டேப்போடு போக ஏழு பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள்.